மோதிரமும் குழாயடியும்

1959 சென்னை மாநகராட்சித் தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தால் மோதிரக் கதை வந்துவிடும். 100 இடங்களில் 45ஐப் பிடித்து தி.மு.க. முதன்முறையாக மாமன்றத்தைக் கைப்பற்றியது. அ.பொ. அரசு மேயரானார். வெற்றிக்கு உழைத்த கருணாநிதியின் விரலில் அண்ணா மோதிரம் அணிவித்தார். காங்கிரசிடமிருந்து கோட்டையைப் பிடிக்க இன்னும் எட்டாண்டுகள் இருந்தன. ரிப்பன் மாளிகை முதலில் விழுந்தது. இந்தக் கதையில் கொடுப்பவரும் ஆண், பெறுபவரும் ஆண். வாக்களித்த பெண்கள் கூட்டத்தில் எங்கே நின்றார்கள் என்று கதை சொல்வதில்லை.

மாநகராட்சியின் வரலாற்றை நான் மோதிரத்திலிருந்து அல்ல, குழாயடியிலிருந்து படிக்க விரும்புகிறேன். தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, பிரசவ ஆஸ்பத்திரி எல்லாமே பெண்ணின் அன்றாடம். அப்படிப் படித்தால் முக்கியமான ஆண்டு 1973. மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த 23 ஆண்டுகள் அதிகாரிகளின் நிர்வாகம். கோட்டையில் கட்சிகள் மாறின, குடியரசுத் தலைவர் ஆட்சிகூட வந்துபோனது. மாநகராட்சித் தேர்தல் மட்டும் வரவில்லை. தலைநகரின் மன்றம் எதிர்க்கட்சியின் கைக்குப் போனால் என்னாகும் என்பது 1959ஐப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். 1978இல் குடிநீர் மாநகராட்சியிடமிருந்து தனி வாரியத்துக்குப் போனது. காலிக்குடத்தோடு போய்க் கேட்க அப்போது வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

பூட்டியிருந்த மன்றத்தைத் திறக்க வைத்தது 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம். ஐந்தாண்டுக்கொரு தேர்தலையும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கையும் கட்டாயமாக்கியது அதே சட்டம்தான். இடஒதுக்கீட்டைச் சலுகை என்பவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு: ஆண்களுக்கும் மன்றம் திரும்பக் கிடைத்தது இதனால்தான்.

1996இல் தி.மு.க., 2011இல் அ.தி.மு.க. என மேயர் நாற்காலி கைமாறியது. 2016இல் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் ஐந்தாண்டுக்கு மேல் வெற்றிடம். பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டம் 2016இல் வந்தும், அந்த மன்றம் கூட 2022 ஆகிவிட்டது. 200 வார்டுகளில் 153ஐ தி.மு.க. வென்றது. 28 வயது பிரியா மேயரானார். 1688இல் தொடங்கிய மாநகராட்சியில் தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண். முதல் தலித் பெண். இது சிறிய விஷயமல்ல.

ஆனால் 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து அதே ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மேயருக்கு நாற்காலி உண்டு. நிர்வாக அதிகாரம் ஆணையரிடம், ஆணையரை நியமிப்பது கோட்டை. பாதி இடத்தை வாங்கிவிட்டோம். அந்த இடத்துக்கு அதிகாரத்தையும் வாங்காவிட்டால், உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்ணால் வாசலில் இருப்பவளுக்கு என்ன செய்துவிட முடியும்?