லக்னோவின் விருந்தும் இசையும்

ஒரு நாட்டாரின் நாகரிகத்தை அறிய விழைவோர் அந்நாட்டு மன்னர்களின் போர்களையும் ஆட்சியாண்டுகளையும் ஆராய்தலோடு அமைந்துவிடலாகாது. அம்மக்கள் மாலைப்பொழுதில் எதனை உண்டனர், எதனைக் கேட்டு மகிழ்ந்தனர் என்பனவும் அறியத்தக்கனவே. இதற்குச் சிறந்த சான்று, வடநாட்டு அவத் இராஜ்யத்தின் தலைநகராயிருந்த லக்னோ.

1775-ஆம் வருஷத்தில் நவாப் ஆஸபுத் தௌலா தம் தலைநகரைப் பைஸாபாத்திலிருந்து லக்னோவுக்கு மாற்றினார். 1784-இல் பஞ்சம் வந்தபோது, ஏழைகள் கூலிபெற்றுப் பிழைக்கும்பொருட்டுப் பெரிய இமாம்பாராவைக் கட்டத் தொடங்கினார். அங்கு உழைத்தோர்க்காக அண்டாக்களில் மூடிச் சமைத்த உணவே பின்னர் ‘தம்’ என்னும் பக்குவமாயிற்றென்பது அந்நகரத்தார் வழங்கும் கதை. கதை எவ்வாறாயினும் பக்குவம் மெய்யானதே. பாத்திரத்தின் வாயைக் கோதுமை மாவால் அடைத்து, அடியில் மெல்லிய தணலும் மூடியின்மேற் சிறிது கங்கும் இட்டு நெடுநேரம் வைப்பர். ஆவி வெளியேறாமையால் பண்டம் தன் சாற்றிலேயே வெந்து மணம் பெறும்.

சமையற்றொழிலாளருள்ளும் பிரிவுகள் இருந்தன. பெருமளவிற் சமைப்போர் பாவர்ச்சிகள். சிற்றளவில் நுண்ணிய பண்டங்கள் செய்வோர் ரகாப்தார்கள். ரொட்டி சுடுவோர் நான்பாய்கள். பாலும் குங்குமப்பூவும் சேர்ந்த ஷீர்மால் ரொட்டி நான்பாய்களின் பெருமை. இவர்தம் கைத்திறனுக்கு, அப்துல் ஹலீம் ஷரர் (1860–1926) என்னும் எழுத்தாளர் ஒரு நிகழ்ச்சி கூறுகிறார். நவாப் வாஜித் அலி ஷா டில்லி அரசகுமாரர் ஒருவரை விருந்துக்கழைத்து, பழப்பாகுபோற் றோன்றிய இறைச்சிக் குழம்பைப் படைத்து ஏமாற்றினார். சின்னாட்களில் அக்குமாரர் நவாபை அழைத்து, சோறு, குழம்பு, ரொட்டி, ஊறுகாய் யாவற்றையும் சர்க்கரையாலேயே செய்வித்துப் பழிதீர்த்துக் கொண்டார்!

உண்டாட்டிற்கு ஈடாக இசையும் ஓங்கியது. அந்நகரில் தழைத்த தும்ரி, நம் பதத்தைப் போலச் சிருங்காரச் சுவை மிக்கது. சொற்கள் சிலவே, ஓரடியையே பலவகையாகத் திருப்பிப் பாடிப் பல பாவங்களை வெளிப்படுத்துவர். கதக் நடனம் ஆடுவோர் அமர்ந்தபடியே அதற்கு அபிநயம் பிடித்தலும் உண்டு. வாஜித் அலி ஷா கதக் பயின்றவர். ‘அக்தர்’ என்னும் புனைபெயரால் பாடல்கள் இயற்றியவர்.

1856-இல் ஆட்சி சீர்கெட்டதெனக் காரணங்காட்டிக் கும்பினியார் அவத்தைக் கவர்ந்தனர். முந்திய ஆண்டிலேதான் நம் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண்வாரிசின்றி இறக்க, அவ்வரசும் முடிவுற்றது. நவாப் கல்கத்தாவுக்குச் சென்றார். 1857-இன் கலகத்தின்போது வில்லியம் கோட்டையிற் சிறைவைக்கப்பெற்றார். விடுதலையான பின்னர் ஆண்டுக்குப் 12 லக்ஷம் ரூபாய் உபகாரச்சம்பளம் பெற்று, ஹூக்ளிக் கரையிலுள்ள மட்டியா புருஜில் வாழ்ந்தார். பிறந்தகம் நீங்கும் மணமகளின் துயராக அமைந்த புகழ்பெற்ற தும்ரி ஒன்றை, லக்னோவைப் பிரிந்த வருத்தத்தில் அவரே இயற்றினாரென்பர். அது வடநாட்டுப் பைரவி இராகம். நம் தோடியின் ஸ்வரங்களை உடையது.

பாவர்ச்சிகளும் பாடகர்களும் அவரைத் தொடர்ந்து மட்டியா புருஜுக்குச் சென்றனர். அவ்வழியே லக்னோவின் தும்ரி வங்காளத்தில் வேரூன்றியது. கல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு புகுந்ததும் அவ்வடுக்களையிலேதான் என்பது வழக்கு. செலவைச் சுருக்க என்பர் சிலர், அக்காலத்திற் புதுமைப் பண்டமாகையால் என்பர் வேறு சிலர்.

1887-இல் நவாப் இறந்தார். மட்டியா புருஜின் ஆடம்பரம் அழிந்தது, பணியாளர் சிதறினர். எனினும் கலை அழிந்திலது. ஏன்? அது கஜானாவில் இருந்ததன்று. கைகளிலும் கண்டங்களிலும் இருந்தது. தந்தை மகனுக்கும் ஆசான் மாணாக்கனுக்கும் கற்பித்தமையாலன்றோ அது பிழைத்தது! 1926-இல் பாத்கண்டே லக்னோவில் நிறுவிய இசைக் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக விளங்குகின்றது.

ஆனால் ஒன்று மனத்தை உறுத்துகின்றது. நவாபின் பெயரை யாவரும் அறிவர். மாவால் வாயடைத்த பாத்திரத்தருகே இரவெல்லாம் விழித்திருந்தோரின் பெயரைக் கூறுவார் யார்? அவருட் பெரும்பாலோர் பெயர் எங்கும் எழுதப்பெறவில்லை. நம் இல்லங்களிலும் பாட்டிமார் அறிந்த பக்குவங்களும் தாலாட்டுகளும் நலுங்குப் பாடல்களும் இவ்வாறே வாய்மொழியாய் உள்ளன. அவரிருக்கும்போதே கேட்டுக் கற்று, அவர் பெயரோடு ஏட்டில் எழுதிவைத்தல் நம் குடும்பத்தார் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையாம்.