பாலியல் வன்கொடுமைப் புகார்: வாச்சாத்தி முதல் மின்வழிப் புகார் வரை

முன்னுரை

சவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதியாகும். இங்கும், தெற்கே சித்தேரி, கல்வராயன், சேர்வராயன் மலைகளிலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். இம்மக்களுக்குக் காவல் நிலையம் நெடுங்காலம் இருவகையில் எட்டாததாக இருந்தது: ஒன்று தொலைவு, மற்றொன்று அச்சம். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்யும் முறை மாறிவந்த வரலாற்றில், சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தி கிராமத்திற்குத் தனி இடம் உண்டு.

வாச்சாத்தி, 1992

1992-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள வாச்சாத்திக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் தாக்கப்பட்டனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர்.

பாதிக்கப்பட்டோர் யாரிடம் புகார் அளிக்க வேண்டுமோ, அத்துறையினரே குற்றம் சாட்டப்பட்டோராக இருந்தனர். அரசும் குற்றச்சாட்டை மறுத்தது. தமிழ்நாடு பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இதனை வெளிக்கொணர்ந்தன. அக்கட்சியின் தலைவர் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அறிக்கை அளித்தார். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டதால், 215 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. புகாருக்கும் அந்த ஆணைக்கும் இடையே 31 ஆண்டுகள் கழிந்தன.

சட்ட மாற்றங்கள்

2012 டிசம்பர் தில்லி நிகழ்வுக்குப் பின் 2013-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்க அது வழிசெய்தது. கைது செய்தற்குரிய குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தீர்ப்பளித்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு மின்வழிப் புகாரை ஏற்கிறது. அதன் முக்கிய விதிகள் வருமாறு:

• குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம்.
• மின்வழித் தகவலில், அளித்தவர் 3 நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும்.
• நேரில் அளிக்கும் பாலியல் குற்றத் தகவலைப் பெண் அலுவலரே பதிவு செய்ய வேண்டும்.
• முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம்.
• நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால், காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம்.

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் வாக்குமூலத்தை அவர் இல்லத்திலோ அவர் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும் என்று 176-ஆம் பிரிவு கூறுகிறது. அவருடைய அடையாளத்தை வெளியிடுவது குற்றமாகும்.

மலைக் கிராமங்களும் மின்வழிப் புகாரும்

மின்வழிப் புகார் தொலைவைக் குறைக்கிறது. அனுப்பிய நாளும் நேரமும் பதிவாவதால், புகாரே வரவில்லை என்று மறுப்பது கடினமாகிறது. எனினும் கைப்பேசி, இணைய இணைப்பு, எழுத்தறிவு ஆகியன இல்லாத பெண்ணுக்கு அது தானாகப் பயன்தராது. 3 நாள் கையொப்பமும் மருத்துவப் பரிசோதனையும் காலத்தோடு நடந்தேற வேண்டியவை. ஆகவே வாக்குமூலம் பெறும் அலுவலர் மலையேறிச் செல்வதே சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றும்.

முடிவுரை

வாச்சாத்திப் பெண்களிடம் சொல்ல வேண்டிய உண்மை 1992-இலேயே இருந்தது. அதைப் பெற்றுப் பதிவு செய்யும் இடம்தான் இல்லை. இணையம் புதியதொரு வாயிலைத் திறந்துள்ளது. அதன் மறுபுறத்தில் புகாரைப் படித்து உடனே செயற்படும் அலுவலர் இருக்கும்போதே அவ்வாயில் பயனுடையதாகும்.