துலாவும் இறைப்பு இயந்திரமும்: யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலைச் சேரும் வழுக்கியாற்றிலும் மாரியில் மட்டுமே நீர் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை மண்ணூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. கடலிலிருந்து உள்ளே புகுந்த உவர்நீரின்மேல் இந்த நன்னீர் வில்லைபோல மிதக்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என நான்கு பகுதிகளில் இத்தகைய வில்லைகள் உண்டு; பெரியது வலிகாமத்தினுடையது.

நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. அப்படியானால் நீர்மட்டம் ஓரடி இறங்கும்போது உவர்நீர் 40 அடி வரை மேலேறக்கூடும். புத்தூருக்கு அருகே, இராமன் அம்பெய்து உண்டாக்கியதாகவும் அடியே இல்லாததாகவும் ஊரார் சொல்லும் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீர். ஆழத்தில் உள்ளது உப்பு.

இந்த மெல்லிய இருப்பிலிருந்து தலைமுறை தலைமுறையாக நீர் எடுத்துத் தந்தது துலா. ஆடுகாலில் பொருத்திய நீண்ட மரத்தின்மேல் ஆட்கள் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் நீர் மொள்ளும் பட்டை தாழும். பின்னால் நடந்தால் நீரோடு மேலே வரும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற, தோட்டத்துக்குள் இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். ஒரு கிணறு பல காணிகளுக்குப் பங்காக இருந்ததால் இறைப்புக்கு முறை வைத்தார்கள். காணி உறுதிகளில் நிலத்தின் பரப்புக் கணக்கோடு கிணற்றுப் பங்கும் வாய்க்கால் பங்கும் எழுதப்பட்டன. ஒல்லாந்தர் காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலை இத்தகைய இறைப்பில் வளர்ந்ததுதான். துலா மிதிப்பு முதுகொடிக்கும் வேலை. அந்தரத்தில் கால் தவறினால் உயிருக்கே ஆபத்து. அதை அழகாக்கிப் பேசுவதில் பயனில்லை. ஆனால் ஆள்பலம் ஓய்ந்த இடத்தில் இறைப்பும் நின்றது. அடுத்த முறைக்குள் கிணறு ஊறிக்கொண்டது. சட்டம் எதுவும் விதிக்காத எல்லையை மனித உடலே விதித்தது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் வந்தபோது அந்த எல்லை போயிற்று. 1970களில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெங்காய, மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் யாழ்ப்பாணத் தோட்டங்கள் செழித்தன. இறைப்பு பெருகியது. குழையும் ஆட்டெருவும் தாழ்த்திய மண்ணில் யூரியாவும் குவிந்தது. சுண்ணாம்புக் கல் நீரை விரைவாக உள்ளே விடும், வடிகட்டாது. உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் இறங்கிய நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகளில் குடிநீருக்கான அளவைத் தாண்டியிருப்பதை 1980களின் ஆய்வுகள் காட்டின. கரையோரக் கிணறுகள் சில உவராயின.

ஊற்றைக் கூட்டும் திட்டமும் இல்லாமலில்லை. கடல்நீரேரிகளை நன்னீராக்கும் யோசனை ஆங்கிலேயர் காலத்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் அதை ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டமாக்கினார். கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவு நீரேரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்று நீரேரிக்கும் கொண்டுபோவதே நோக்கம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுக்கும் கதவணைகள் எழுந்தன. வாய்க்கால் முடியவில்லை, கதவணைகளும் பராமரிப்பின்றிப் பழுதாயின.

உள்நாட்டுப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வேறொரு கேடு தெரியவந்தது. சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் படிந்தது. 2019இல் உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய தனியார் மின்நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

காலநிலை மாற்றம் இந்த வில்லையை இருபுறமும் நெருக்குகிறது. கடல்மட்டம் உயர்ந்தால் உவர்நீரும் உயரும். மெல்லிய வில்லைகளைக் கொண்ட தீவகம் முதலில் அடிபடும். மழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்தால் பெரும்பகுதி கடலுக்கே போகும். 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது இதற்கு உதாரணம். அத்தகைய மழையைத் தாங்கி நிறுத்த வேண்டிய குளங்களும் கேணிகளும் பல இடங்களில் தூர்ந்தும் குறுகியும் கிடக்கின்றன.

இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தங்கள் வயலுக்கே நீர் போதாது என்பது அவர்கள் வாதம். அதற்கு மாற்றாகத் தாளையடியில் அமைந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீட்டர் நீர் தரக்கூடிய அந்நிலையம் குடிநீருக்கானது. தோட்டங்களுக்கான இறைப்பு இன்றும் அதே சுண்ணாம்புக் கல்லிலிருந்துதான் நடக்கிறது. யார் எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கு நடைமுறையில் அளவேதும் இல்லை.