ரோட்டில் உப்பு தூவாத ஊரில் பிக்-அப் ஏன் துருப்பிடிக்கிறது? பத்து பாகாட் வாகனமோட்டிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிக்-அப் பராமரிப்பு பற்றி யூடியூப்பில் தேடினால், அமெரிக்கா, கனடா வீடியோக்கள்தான் முதலில் வரும். அங்கே சாலையில் உறையும் பனியை உருக்க உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கிறது.

'நம்ம ஊர்லதான் பனியே இல்லையே, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். ஆனால், ஜொகூர் மாநிலத்தின் பத்து பாகாட்டில் அரிப்பு வேறு வழிகளில் வருகிறது.

உப்பு என்ன செய்கிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். தண்ணீரில் உப்பு கலந்தால் அதில் மின்சாரம் எளிதாகப் பாயும். துருப்பிடிக்கும் வேகமும் கூடும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கும்.

பிக்-அப்பின் முதுகெலும்பு அதன் சேசிஸ். அது உள்ளே வெற்றிடமுள்ள இரும்புக் குழாய் போன்றது. துரு உள்ளிருந்து தொடங்குவதால், வெளியே தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும். சேசிஸ் துரு தொடர்பாக அமெரிக்காவில் டொயோட்டா மீது வழக்கு தொடுக்கப்பட்டது. 2016-இல், பொறுப்பை ஏற்காமலேயே, ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளுக்கான சமரசத்துக்கு அந்நிறுவனம் உடன்பட்டது.

பத்து பாகாட்டில் எங்கிருந்து வருகிறது?

• கடல்: மின்யாக் பெக்கு போன்ற கரையோரப் பகுதிகளில் மலாக்கா நீரிணையின் உப்புக் காற்று எப்போதும் வீசும். மீன் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரிலும் உப்பு உண்டு.

• உர மூட்டை: செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புதான். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியதைக் கழுவாமல் விட்டால், ரோட்டு உப்பு செய்யும் அதே வேலையைச் செய்யும்.

• வெள்ளம்: 2023 மார்ச்சில் ஜொகூரில் 40,000-க்கும் அதிகமானோர் துயர் துடைப்பு மையங்களுக்கு மாற்றப்பட்டனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது பத்து பாகாட் மாவட்டம். சில இடங்களில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. மேற்கு ஜொகூரின் தாழ்நிலங்களில் அமிலத்தன்மை கொண்ட மண் இருப்பதால், வெள்ளம் விட்டுச்செல்லும் சேறும் இரும்புக்கு நல்லதல்ல.

எவ்வளவு ஆழம் வரை போகலாம்?

ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர், ரேஞ்சர் 800 மில்லிமீட்டர் என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அது அசையாத தண்ணீரில், மெதுவாக ஓட்டும்போது பொருந்தும் கணக்கு. ஓடும் தண்ணீர் 60 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பிக்-அப்பையும் அடித்துச் சென்றுவிடும்.

இன்னொன்று: சூடான டிஃபரென்ஷியல் திடீரென்று தண்ணீரில் இறங்கினால், உள்ளே உள்ள காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வண்டி நன்றாக ஓடுவதுபோல் தெரியும். பிறகு பேரிங், கியர் கெட்டுப்போகும்.

வண்டி மூழ்கிவிட்டால்?

1. ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் அமுங்காது, என்ஜினுக்குள் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

2. தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பதைப் படம் எடுங்கள்.

3. பாதுகாப்பாக முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பிறகு வண்டியை இழுத்துப்போகச் சொல்லுங்கள்.

4. என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் எண்ணெய்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். தே தாரேக் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

துரு வராமல் தடுப்பது எப்படி?

கடற்கரைக்கோ வெள்ளத்திலோ போய் வந்தால், உரம் ஏற்றினாலும், அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேலே மட்டும் பளபளப்பாக்கிப் பயனில்லை. சேசிஸில் உள்ள வடிகால் துளைகளைச் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துளைகள் வழியாக உள்ளேயும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகே மெழுகு அல்லது லானோலின் வகைத் துருத்தடுப்பை அடிக்கலாம். துருவை நீக்காமல் அதன் மேல் தடித்த ரப்பர் பூச்சு பூசினால், ஈரம் அடியில் சிக்கிக்கொள்ளும். வெளியே கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். பின்பக்கத் தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால், அவ்வப்போது தூக்கி அடியில் பாருங்கள்.

காப்புறுதி பணம் கொடுக்குமா?

முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், வெள்ளச் சேதம் பொதுவாக அதில் அடங்காது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மெதுவாகப் பிடிக்கும் துருவுக்கு அதிலும் இழப்பீடு கிடைக்காது.

எனவே ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது, 'வெள்ளத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா?' என்று ஏஜெண்டிடம் கேட்டு, பாலிசியிலும் சரிபார்த்துவிடுங்கள். தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு கேட்டால் தாமதமாகிவிடும்.