விசைப்பலகையின் செவ்விளக்கு

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை அடுத்துப் பவர் ஹவுஸ் ரோடு என்றொரு வீதி உண்டு. சாலைக் கடைத்தெருவுக்கு வரும் நம்மவர் பலர் அதன்வழியே நடந்திருப்பர். சேது லட்சுமிபாய் மகாராணியார் ஆட்சி புரிந்த காலத்தில், 1929-ஆம் ஆண்டில், இந்நகருக்கு மின்சாரம் கிடைத்தது. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கலாயிற்று. அப்போது திவானாக விளங்கியவர் சர் சி. பி. ராமசாமி ஐயர். இவற்றை வரலாற்று நூல்கள் கூறும். ஆனால், மின்சாரம் ஓடுகிறதா, நின்றதா என்று தொழிலாளிக்கு அறிவிக்கும் சிறு விளக்கின் வரலாற்றைச் சொல்வார் அரியர்.

ஆதியில் மின்நிலையங்களில் சலவைக்கற் பலகையின்மீது கத்தி போன்ற செப்பு விசைகளை வெளிப்படையாகவே பொருத்தினர். விசை சேர்ந்திருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்பதைக் கண்ணே கண்டுகொள்ளும். கை பட்டால் உயிர் போகும் என்பதுதான் குறை. மின்னழுத்தம் உயர உயர, விசையை எண்ணெய் நிரப்பிய இரும்புத் தொட்டிக்குள் வைத்து மூடினர். ஆபத்து குறைந்தது, உள்ளே நடப்பதோ தெரியாமற் போயிற்று. அதனாலேயே பலகையின் முகப்பில் இரு விளக்குகள் தோன்றின.

பிரிட்டிஷ் மரபின்படி, விசை சேர்ந்திருந்தால் சிவப்பு எரியும். பிரிந்திருந்தால் பச்சை எரியும். வீதியில் சிவப்பைக் கண்டு நிற்கும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டிடத்தும் சிவப்பின் பொருள் ஒன்றே: அபாயம். மின்கம்பியில் உயிர் இருக்கிறது, தொடாதே என்பதே அதன் அறிவிப்பு. ஒற்றை விளக்கு ஏன் போதாது எனின், அணைந்த விளக்கு மின்சாரம் இல்லை என்றும் சொல்லலாம். தன் இழை அறுந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் அணைந்திருந்தால் எங்கோ கோளாறு என்பது உடனே விளங்கும்.

நம் நாட்டில் மும்முனை மின்சாரத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று விளக்குகள் வைப்பர். பழைய நாளில் மூன்றிலும் ஒரே வகை இழைவிளக்குத்தான். நிறம் மேல்மூடியைச் சார்ந்தது. 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு எல்.இ.டி. விளக்கை ஆக்கினார். பிரகாசமான நீலத்துக்கு 1990-களில் ஜப்பானியர் வெற்றி காணும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்காக மூவருக்கு 2014-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இழை அறுகின்ற தொல்லை இப்புதிய விளக்குக்கு இல்லை. வேறொரு குணம் உண்டு. மிகச் சிறிய மின்னோட்டத்திலும் ஒளிர்வதால், விசையைப் பிரித்த பின்னும் அருகிலுள்ள கம்பியின் தூண்டலால் சில வேளை மங்கலாக எரியும். பழைய விளக்கு எரியாமல் ஏமாற்றிற்று. புதியது எரிந்தும் ஏமாற்றும். ஆகவே அனுபவமுள்ள மின்பணியாளர், விளக்கு எந்நிறம் காட்டினும், கருவியால் சோதித்துக் கம்பியை நிலத்தோடு இணைத்த பிறகே கை வைக்கின்றனர்.