செய்தி மறைந்த தேர்தல்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் புயற்செய்தி தாமதித்தால் உயிரிழப்பு நேரும் என்பதை நாம் அறிவோம். போர்ச்செய்தி மறைக்கப்பட்டால்? 2009ஆம் ஆண்டு அதற்கு விடை கூறும்.

அவ்வாண்டு இலங்கை அரசு வன்னிப் போர்முனைக்குச் சுதந்திரமான பத்திரிகையாளரை விடவில்லை. அதே வேளையில் தமிழகத்தில் நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம். ஈழத்தமிழர் துயரம் மேடைதோறும் பேசப்பட்டது. ஏப்ரல் 27இல், கனரக ஆயுதங்களை இனிப் பயன்படுத்துவதில்லை எனக் கொழும்பு அறிவித்தது. அதனை ஏற்று முதலமைச்சர் கருணாநிதி, அண்ணா நினைவிடத்தில் அன்று காலை தொடங்கிய உண்ணாவிரதத்தை முடித்தார். குண்டுவீச்சோ நிற்கவில்லை. மே 13இல் திருவள்ளூர்த் தொகுதியைச் சேர்ந்த இக்குப்பத்தாரும் வாக்களித்தனர். மே 19இல் போர் முடிந்ததாக அறிவிப்பு வந்தது.

இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை மாண்டிருக்கக்கூடும் என ஐ.நா. வல்லுநர் குழு உரைத்தது 2011இல்தான். செய்தியை அடைத்தது அயலரசு; அறியாமல் வாக்களித்தவர் நாம்.