மான்டிசெல்லோ ஆப்பிள் சுவைத்தல்

மான்டிசெல்லோ ஆப்பிள் சுவைத்தல் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் நகருக்கு அருகிலுள்ள மான்டிசெல்லோ பழத்தோட்டத்தில் இலையுதிர் காலத்தில் நடத்தப்பட்டு வந்துள்ள நிகழ்வு ஆகும். மான்டிசெல்லோ, அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் (1743–1826) பண்ணை இல்லம். 1987 ஆம் ஆண்டில் இது யுனெசுக்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. கடைகளில் இன்று அரிதாகிவிட்ட பழைய ஆப்பிள் வகைகளைத் துண்டு துண்டாகச் சுவைத்து ஒப்பிடுவதே நிகழ்வின் நோக்கம். தோட்டத்தின் இயக்குநராக இருந்த பீட்டர் ஹேட்ச், "ஆப்பிள் பேராசிரியர்" என்று அழைக்கப்பட்ட டாம் பர்ஃபோர்ட் (1935–2020) ஆகியோர் இதனை வழிநடத்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

தோட்டம்

ஜெஃபர்சன் 1766 முதல் 1824 வரை தோட்டக் குறிப்பேடு ஒன்றை எழுதி வந்தார். எந்த மரம் எங்கே நடப்பட்டது என்பது பெரும்பாலும் அதிலிருந்தே தெரிய வருகிறது. மலையின் தெற்குச் சரிவில் உண்பதற்கான வகைகளும், வடக்குத் தோட்டத்தில் சைடர் எனப்படும் நொதித்த ஆப்பிள் பானத்திற்கான வகைகளும் வளர்க்கப்பட்டன. அவர் இறந்த பின் பண்ணை கைமாறியது, மரங்களும் அழிந்தன. 1979 ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வில், பட்டுப்போன மரங்களின் வேர்கள் மண்ணில் விட்டுச்சென்ற கறைகள் கண்டறியப்பட்டன. குறிப்பேட்டையும் இக்கறைகளையும் கொண்டு 1980களில் தெற்குத் தோட்டம் மீண்டும் நடப்பட்டது. எனவே இன்று அங்கு நிற்பவை ஜெஃபர்சன் காலத்து மரங்கள் அல்ல, அவர் வளர்த்த வகைகளின் புதிய மரங்களே.

வகைகள்

ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் பழம் கிடைக்காது. ஒவ்வொரு விதையும் புதியதொரு வகை. ஒரு வகையைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் குச்சியை வெட்டி வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்ட வேண்டும். ஒட்டுக்கட்டுவோர் அற்றுப்போனால் வகையும் அற்றுப்போகும்.

ஜெஃபர்சன் விரும்பி வளர்த்தவற்றுள் எசோபஸ் ஸ்பிட்சென்பர்க் முதன்மையானது. நியூயார்க் மாநிலத்தின் எசோபஸ் பகுதியில் தோன்றிய இவ்வகை, செம்மஞ்சள் தோலும் மொறுமொறுப்பான மஞ்சள் சதையும் மணமும் கொண்டது. 1790 ஆம் ஆண்டில் லாங் ஐலண்ட் நாற்றங்கால் ஒன்றிலிருந்து 12 கன்றுகளை அவர் தருவித்தார். 1807 முதல் 1812 வரை மேலும் 32 மரங்கள் நடப்பட்டன. வர்ஜீனியாவின் வெப்பம் இதற்கு ஒத்துவரவில்லை. தீக்கருகல் நோய்க்கும் எளிதில் இலக்காவது. ஆயினும் அவர் நடுவதை நிறுத்தவில்லை.

நியூட்டவுன் பிப்பின் வர்ஜீனியாவில் ஆல்பமார்ல் பிப்பின் எனப்படுகிறது. பாரிசில் தூதராக இருந்தபோது, இதற்கு இணையான ஆப்பிள் அங்கில்லை என்று ஜெஃபர்சன் எழுதியுள்ளார். பச்சைத் தோலுடைய இது பறித்தவுடன் புளிக்கும். சேமித்து வைத்தால் குளிர்காலத்தில் இனிப்பேறும். ஆதலால் அக்டோபர் மாதத்தில் நடைபெறும் சுவைத்தல் இவ்வகைக்குச் சற்று அநீதியானது என்றே கொள்ள வேண்டும். சொரசொரப்பான பழுப்புத் தோலுடைய ராக்ஸ்பரி ரசெட், அமெரிக்காவில் தோன்றிய மிகப் பழைய வகைகளுள் ஒன்று. ஹியூஸ் கிராப் ஏறத்தாழ ஓர் எலுமிச்சை அளவே இருக்கும். கடித்தால் துவர்க்கும், பிழிந்தால் சிறந்த சைடர் தரும். இது அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டது.

உழைத்தவர்கள்

ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். குழி தோண்டியதும் பழம் பறித்ததும் சாறு பிழிந்ததும் பெரும்பாலும் அவர்களே. அவர்களுள் உர்சுலா கிரேஞ்சர் என்பவர் சைடரைப் புட்டிகளில் அடைப்பதில் வல்லவர். அப்பணிக்குரிய திறமையும் நம்பகத்தன்மையும் அங்கு அவரிடம் மட்டுமே உள்ளன என்று ஜெஃபர்சனே எழுதினார். அவர் 1800 ஆம் ஆண்டில் இறந்தார். ஜெஃபர்சன் இறந்த மறு ஆண்டு, 1827 சனவரியில், கடனை அடைப்பதற்காக 130 பேர் ஏலத்திற்கு விடப்பட்டனர்.

தாலியாஃபெரோ

ஜெஃபர்சன் மிக உயர்வாகப் போற்றிய சைடர் ஆப்பிள் தாலியாஃபெரோ ஆகும். எழுதுவது இவ்வாறாயினும் வர்ஜீனியர் இப்பெயரை "டாலிவர்" என்றே ஒலிப்பர். இதன் சைடர் ஷாம்பெயினுக்கு மிக நெருங்கியது என்பது அவர் கருத்து. வில்லியம்ஸ்பர்க் அருகே ஒருவர் நிலத்தில் நின்ற ஒற்றை மரமே இதன் மூலம். ஒட்டுக்கட்டிப் பரவிய மரங்களும் காலப்போக்கில் மறைந்தன.

இவ்வகையைப் பர்ஃபோர்ட் உள்ளிட்ட பலர் தேடியுள்ளனர். தாலியாஃபெரோவாக இருக்கலாம் எனச் சில மரங்கள் முன்வைக்கப்பட்டதும் உண்டு. ஆனால் ஐயமற உறுதி செய்யப்பட்ட மரம் ஒன்றுகூட இல்லாததால் மரபணுச் சோதனையில் ஒப்பிடுவதற்கு மாதிரி கிடையாது. எஞ்சியிருப்பவை, பழம் சிறியது, வெண்ணிறமும் சிவப்பும் கலந்தது, சாறு மிகுந்தது என்பன போன்ற சில வரி விவரிப்புகளே. இவ்விவரிப்புக்குப் பொருந்தும் பழங்கள் வர்ஜீனியாவில் வேறு பலவும் உள்ளன.